உப்புக்கண்டம்: பயனும் எச்சரிக்கையும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மானாவாரி நிலமுடைய குடியானவர்களுக்கு ஆடு வளர்ப்பு உற்ற துணையாகும். ஆடு அறுத்த நாளில் மிஞ்சும் மாமிசத்தை உப்புக்கண்டமாக்கி வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம்.

பச்சை மாமிசத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீரும், ஐந்தில் ஒரு பங்கு புரதச் சத்தும் உள்ளன. அதைக் கெடுக்கும் கிருமிகள் நீரின்றிப் பெருகமாட்டா. உப்பு நீரை வெளியே இழுக்கிறது. வெயிலும் காற்றும் எஞ்சியதை உலர்த்துகின்றன. நீர் குறைவதால் எடைக்கு எடை புரதம் மிகுகிறது.

கொழுப்பு காறலெடுக்குமாதலால் அதை நீக்கிவிட்டு, மாமிசத்தை மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி, கயிற்றில் கோத்து, ஈ மொய்க்காதபடி மெல்லிய துணி மூடிக் கடும் வெயிலில் காயவிடல் வேண்டும். இரவில் வீட்டினுள் எடுத்துவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்கள் இதற்கு ஏற்றவையல்ல. நன்கு உலர்ந்ததைக் காற்றுப் புகாத ஜாடியில் வைத்து, சமைக்குமுன் நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்துக்கொள்க. இரத்தக் கொதிப்புள்ளோர் இதைத் தவிர்த்தல் நலம்.

நஷ்டத்திற்கு அஞ்சி, நோயால் மாண்ட ஆட்டை ஒருபோதும் கண்டம் போடலாகாது. அடைப்பான் நோயில் ஆடு திடீரென மாளும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசியும். உடலை அறுத்தால் காற்றுப்பட்ட கிருமிகள் வித்துக்களாக மாறும். அவை உப்புக்கும் உலர்த்தலுக்கும் அழியா. மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும். அறுப்பவரையும் உண்பவரையும் கொல்ல வல்லவை. ஆதலால் கிராம அதிகாரிகள் அவ்வுடலை அறுக்கவோ தோலுரிக்கவோ விடாது, கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவித்து, அவர் சொற்படி ஆழப் புதைப்பிக்கக் கடவர். ஓர் ஆட்டின் விலையினும் ஊராரின் உயிர் பெரிது.