ஒற்றி வீடு: வாடகை இல்லை, வட்டி இருக்கிறதா?

 



அல்லாஹ் நமக்குத் தந்த நிஃமத்துகளை எண்ணிக் காட்டும்போது வீட்டையும் சேர்த்துச் சொல்கிறான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-வது வசனம், நமது வீடுகளை அவன் நமக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதை நினைவூட்டுகிறது. அரபியில் குடியிருப்பதற்கும் மன அமைதிக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். கூரை மட்டும் இருந்தால் போதாது, அதன் கீழே நிம்மதியும் இருந்தால்தான் அது வீடு.

இன்று அந்த நிம்மதி எத்தனை பேருக்கு இருக்கிறது? மாதம் பிறந்தால் வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடன், மருந்துச் செலவு. ஆட்டோ ஓட்டுபவர், கடையில் சம்பளத்துக்கு நிற்பவர், கடலை நம்பி வாழ்பவர் என்று யாரைக் கேட்டாலும் வரவு ஒரு பக்கம், செலவு இரண்டு பக்கம். நம் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வாடகை நிற்பதில்லை.

நமது மாவட்டம் பரப்பில் சிறியது, மக்கள் தொகையில் நெருக்கமானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர், அதாவது இரண்டு மடங்கு. குளச்சலுக்கு ஒரு பக்கம் கடல். மீதியிருக்கும் நிலத்துக்குத்தான் எல்லோரும் போட்டி. வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ளவர் ஒரு சென்ட் நிலத்துக்குக் கொடுக்கும் விலையை, ஊரிலேயே நாள்கூலி வாங்குபவர் எப்படிக் கொடுப்பார்? அவருக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று வாடகை, மற்றொன்று ஒற்றி.

விலை ஏறியபோது நபியவர்கள் சொன்னது

மதீனாவில் ஒருமுறை விலைவாசி உயர்ந்தது. விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏற்றமும் இறக்கமும் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றன என்றும், யாருடைய உயிரிலோ பொருளிலோ தான் அநீதி செய்ததாக ஒருவரும் முறையிடாத நிலையில் ரப்பைச் சந்திக்க விரும்புவதாகவும் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது.

இந்த ஹதீஸைச் சிலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "விலை சந்தை வைப்பது, யாரும் கேட்க முடியாது" என்கிறார்கள். ஆனால் ஹதீஸின் உயிர் பிற்பகுதியில்தான் இருக்கிறது. ஒரு வியாபாரிக்குக்கூட அநீதி செய்துவிடக் கூடாதே என்று அல்லாஹ்வின் தூதர் அஞ்சினார்கள். அப்படியானால் வீட்டை வாடகைக்கு விடுபவரும், அதில் குடியிருப்பவரும் எவ்வளவு அஞ்ச வேண்டும்? வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசி முடிவு செய்வது. அதில் அநீதியும் வட்டியும் நுழையாமல் பார்ப்பது மார்க்கக் கடமை.

ஒற்றி என்றால் என்ன?

நம் பகுதியில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பேச்சில் ஒத்தி என்போம். ஒரு பெரிய தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பது. தவணை முடிந்ததும் கொடுத்த தொகையை முழுதாகத் திரும்ப வாங்குவது. "வாடகை மிச்சம், பணமும் பத்திரம்" என்று இதைப் பலரும் நல்ல ஏற்பாடாக நினைக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்று வருடம் ஒற்றிக்கு இருக்கிறார். அந்த வீட்டின் வாடகை மாதம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் அவர் கொடுக்காமல் விட்ட வாடகை 2,16,000 ரூபாய். முடிவில் 5 லட்சமும் கைக்கு வருகிறது. அவர் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வருவதால் அது கடன். அந்தக் கடனுக்குக் கிடைத்த கூடுதல்தான் இந்த 2,16,000. வருடத்துக்கு நூற்றுக்கு 14 ரூபாய்க்கு மேல் வருகிறது.

நாட்டின் சட்டமே இதை ஒளிக்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அனுபவ பாத்தியத்துடன் கூடிய அடமானத்தை விளக்கும்போது, சொத்திலிருந்து வரும் வாடகையையும் வருமானத்தையும் வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வது என்று சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகலாமா?

மார்க்கத்தின் பார்வை

அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி பரவலாக இருந்த ஊரைச் சேர்ந்த அபூபுர்தாவுக்கு ஓர் எச்சரிக்கை செய்தார்கள். உனக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலோ, வாற்கோதுமையோ, தீவனமோ அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதே, அது வட்டியாகும் என்றார்கள். ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி இது. ஒரு சுமை வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், மூன்று வருடம் ஒரு வீட்டில் இலவசமாகக் குடியிருப்பதற்கு என்ன சொல்வது?

பிற்கால ஹனஃபீ அறிஞர்களில் சிலர், மக்களின் தேவையைக் கருதி இதை ஒத்த "பைஉல் வஃபா" என்ற முறைக்கு இடம் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் அதையும் ஆராய்ந்து, அது ஆதாயத்தை ஈட்டித்தரும் கடன்தான், கூடாது என்று தீர்மானித்தது.

"இருவரும் சம்மதித்துத்தானே செய்கிறோம்?" என்று கேட்பீர்கள். வட்டிக்கு வாங்குபவரும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். சம்மதம் ஹராமை ஹலாலாக்காது. "மாதம் 500 ரூபாய் வாடகை என்று எழுதியிருக்கிறோமே?" என்றும் கேட்பீர்கள். 6,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பெயரளவில் 500 எழுதினால், மீதி 5,500 எதற்காகக் குறைந்தது? கொடுத்த கடனுக்காகத்தானே?

இதன் பாரம் கடைசியில் ஏழையின் தலையில்தான் விழுகிறது. ஒற்றிப் பணம் புரட்ட மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அங்கே ஒரு வட்டி. வாங்கிய வீட்டுக்காரர் அதை மகள் கல்யாணத்துக்கோ, மகனின் விசாவுக்கோ செலவழித்துவிடுகிறார். தவணை முடியும்போது அவர் கையில் பணம் இல்லை. இவருக்குப் போக இடம் இல்லை. நேற்றுவரை ஒரே ஸஃப்பில் நின்று தொழுத இருவர் ஸலாம் சொல்லாமல் பிரிகிறார்கள். நிம்மதிக்காகத் தேடிய வீடு பகையில் முடிகிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. புதிதாக வீடு எடுப்பவர்கள் வாடகைக்கே எடுங்கள். கையில் மொத்தப் பணம் இருந்தால் இரண்டு மூன்று வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்து, மாதாமாதம் கழித்துக்கொள்ளுங்கள். இடையில் காலி செய்தால் மீதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இது கடன் அல்ல, வாடகை.

2. ஏற்கெனவே ஒற்றியில் இருப்பவர்கள் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். நியாயமான வாடகையை முடிவு செய்து, கொடுத்த தொகையிலிருந்து மாதாமாதம் கழியுங்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்று வருடம் கழித்து வீட்டுக்காரர் 5 லட்சத்துக்குப் பதிலாக 2,84,000 கொடுத்தால் போதும். அவருடைய சுமையும் குறையும்.

3. வீட்டுச் சொந்தக்காரர்களே! 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற அளவைச் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது அல்பகரா 282-வது வசனத்தின் கட்டளையும்கூட. தடைக்காலத்தில் வாடகை தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுத்துவந்த ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

4. குடியிருப்பவர்களே! கையில் பணம் இருந்தும் வாடகையை இழுத்தடிப்பது அநீதி. வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றே சொன்னார்கள். சொந்தக்காரர் ஒரு விதவையாக இருக்கலாம். அந்த வாடகையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரியலாம்.

5. வசதி படைத்தவர்களே! ஜுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது, தலாக் ஆகித் திரும்பி வரும் தம் பெண்மக்கள் அவற்றில் குடியிருக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். பள்ளிவாசலுக்கு விளக்கும் விரிப்பும் கொடுக்கிறோம். நான்கு சிறிய வீடுகளை வக்ஃபாகக் கட்டி, குறைந்த வாடகைக்கு விட்டால் எத்தனை குடும்பங்கள் துஆ செய்யும்! கடனில் மூழ்கியவர்களுக்கு ஜகாத்தில் பங்கு இருப்பதை அத்தவ்பா 60-வது வசனம் சொல்கிறது. வாடகை பாக்கியில் தவிக்கும் ஏழையை அந்தப் பட்டியலில் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று சந்தேகம் இருந்தால், பத்திரத்தோடு உங்கள் மஹல்லா ஆலிமிடம் சென்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை அமைதியான வீடுகளாக ஆக்குவாயாக! வீடில்லாதவர்களுக்கு ஹலாலான வழியில் வீட்டைத் தருவாயாக! எங்கள் வருமானத்தில் பரக்கத் செய்வாயாக! வட்டியின் வாடையும் படாமல் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.