மரச்சீனியும் கணையக் கல்லும்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் வரும் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளில் திடீர் மேல்வயிற்று வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘வாயு’. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வலி முதுகுக்குப் பாய்ந்து, முன்னே குனிந்தால் சற்றுக் குறைந்து, மறுபடி மறுபடி வந்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கணையம் கெடுவது குடிப்பவர்களுக்கு மட்டுமே என்பது ஒரு நம்பிக்கை. மதுவையே தொடாத சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கணையக் குழாயில் கல் உருவாகும் நோய் ஒன்று உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். மற்ற ஊர்களில் அபூர்வமான இந்நோய் கேரளத்தில் அதிகம் காணப்பட்டது. சிறுவயதில் வலி, இளமையில் சர்க்கரை நோய் என்று அது நகரும் போக்கை விரிவாக எழுதியவர் கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தின்பதால்தான் இந்தக் கல் வருகிறது என்பது இன்னும் வலுவான நம்பிக்கை. அதைக் கிளப்பியவர்கள் பாமரர்கள் அல்லர், மருத்துவர்களே. 1959இல் இந்தோனேசியாவில் பதிவான நோயாளிகள் சத்துக்குறைவோடு மரவள்ளியை உண்டு வாழ்ந்த ஏழைகள். கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருள்கள் மேல் பழி விழுந்தது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரவி, இரண்டாம் உலகப் போரின் அரிசிப் பஞ்சத்தில் வயிறு நிறைத்த கிழங்கு அது; பழி சுமத்த வசதியாகவும் இருந்தது. ஆனால் மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் இருக்கிறது. அன்றாடம் உண்ணும் பலருக்கு வருவதில்லை. 2002இல் வெளியான ஆய்வுகள் நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவில் மாற்றத்தைக் கண்டன. அதுவும் முழு விளக்கமல்ல. மரச்சீனியைக் குற்றவாளியாக்க மட்டும் சான்று போதவில்லை.

“ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையும் சரி” என்பதை நம்பித் திரும்புவதே அதிக ஆபத்து. வயிற்று அல்ட்ராசவுண்டில் குடல் காற்று கணையத்தை மறைத்துவிடலாம். நாள்பட்டுச் சுருங்கிய கணையத்தில், வலி வந்த நேரத்திலும் ரத்தத்தில் கணைய நொதிகளான அமைலேஸ், லைபேஸ் அளவுகள் உயராமல் போகலாம். சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டிக் கற்கள் வெள்ளையாகத் தெரியக்கூடும். கல் உருவாகுமுன் அதிலும் தெரியாது. சிறு கற்கள், சுருங்கிய சுரப்பி, நீர்க்கட்டி ஆகியவற்றை சிடி ஸ்கேன் காட்டும். குழாயின் அடைப்பையும் வீக்கத்தையும் எம்ஆர்சிபி என்னும் எம்ஆர்ஐ ஸ்கேன் தெளிவாக்கும். தொடக்கநிலை மாற்றங்களுக்கு எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் உதவும்.

கல் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடாது. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பழகிய வலியின் தன்மை மாறினாலோ, எடை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை தோன்றினாலோ பழைய ஸ்கேன் அறிக்கையை நம்பியிராமல் புதிதாக சிடி எடுக்க வேண்டும்.