தெளிகருவியின் கிராங்குத் தண்டிற் கோட்டம் உளதா என அறிதல்



பெரும்போக நெல்லிற் கபிலநிறத் தத்தி பெருகும் வேளையிலும், கம்பளை, தெல்தெனியப் பக்கத்துச் சரிவு நிலங்களிற் போஞ்சியும் தக்காளியும் நோயுறும் வேளையிலும், முதுகிற் சுமந்து பெற்றோலால் இயக்கும் தெளிகருவி நின்றுவிடின் நேரும் நட்டம் உங்களுக்குத் தெரியாததன்று. பிஸ்டன் இறுகிப்போயிற்று என்று கூறிப் புதிய பிஸ்டன் போடுவோர் பலர். அதுவும் சில நாளில் இறுகுமாயின், குற்றம் கிராங்குத் தண்டில் இருத்தல் கூடும்.

இக்கருவியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்றுச் சுழல்வது. தண்டின் ஒரு நுனியிற் பறப்புச் சில்லும் மறு நுனியிற் காற்றாடியும் பூட்டப்பட்டுள்ளன. தண்டு சிறிது கோணினாலும் இவை ஆடும், பெயரிங் தேயும், தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய்ச் சீல் பிளந்து வெளிக்காற்றை உள்ளே விடும். இவ்வகை எஞ்சினில் எண்ணெய் கலந்த பெற்றோலே கிராங்கு அறையினூடு சென்று உறுப்புகளுக்கு எண்ணெயிடுகின்றது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு ஏறிப் பிஸ்டன் இறுகும். விசையைக் குறைத்த பின்னரும் வேகம் தணியாதிருத்தல் இதற்கு முன்னறிகுறியாகும்.

விவசாயப் பாடசாலையில் மாணவனாயிருந்தபோது, இறுகியிருந்த காற்றாடியைக் கழற்றவேண்டித் தண்டின் நுனியில் நானே சுத்தியலால் மும்முறை அடித்தேன். காற்றாடி கழன்றது; இரண்டு தொட்டி மருந்து தெளிப்பதற்குள் பிஸ்டனும் இறுகியது. ஆசிரியர் வையவில்லை. டயல் மானியைக் கையில் தந்து, தண்டைச் சுழற்றி முள்ளைப் பார் என்றார். தண்டு கோணுவதற்குச் சுத்தியலே முதற் காரணம் என்பதை அன்றறிந்தேன். கருவியைக் கல்வரம்பின் மீது விழவிடுதல் அடுத்த காரணம்.

நடுக்கம் கண்டவுடன் தண்டைக் குறைகூறற்க. காற்றாடியின் இதழ் உடைந்துள்ளதா, எஞ்சினைத் தாங்கும் இறப்பர் கிழிந்துள்ளதா என முதலிற் பார்க்க. அவை நன்றாயின், பெற்றோலை வடித்து, மருந்துக் கறையைக் கழுவி, பிளக்கைக் கழற்றுக. பறப்புச் சில்லை இழுகருவியாலேயே கழற்றுதல் வேண்டும்.

இனித் தண்டைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. தளர்ச்சி தெரியுமாயின் பெயரிங் தேய்ந்துள்ளது. அந்நிலையில் மானி காட்டும் அளவு பொய்யாகும். தளர்ச்சியின்றேல், மானியை எஞ்சின் உடலில் உறுதியாகப் பொருத்துக. உடல் அலுமினியமாதலாற் காந்த அடி ஒட்டாது. இரும்புத் தகடொன்றைத் திருகாணித் துளையிற் பூட்டி, அதன்மேற் காந்தத்தை வைக்கலாம். மானியின் முனை, சீலுக்கு வெளியே தண்டின் வழவழப்பான வட்டப் பகுதியைத் தொடவேண்டும். திருகுமரையையோ சாவிப்பள்ளத்தையோ தொடலாகாது. முள்ளைச் சுழியத்துக்குக் கொணர்ந்து, தண்டை ஒரே திசையில் மெல்லச் சுழற்றுக. முள்ளின் மிகக்கூடிய, மிகக்குறைந்த அளவுகளின் வித்தியாசமே நாம் வேண்டுவது. தண்டின் மையம் விலகிய தூரம் இதிற் பாதியே. ஆயினும் தயாரிப்பாளர் கைந்நூல்கள் பொதுவாக முழு அளவையே குறிக்கும். அவ்வாறே காற்றாடிப் பக்கத்தையும் அளக்க.

எல்லை கருவிக்குக் கருவி வேறுபடும். கைந்நூலில் உள்ளதே சரியானது. சிறு எஞ்சின்கள் பலவற்றில் அது 0.05 மில்லிமீற்றர் அளவாம். மெல்லிய தலைமயிரின் பருமன் இவ்வளவே! மானி இல்லாதோர் விறைப்பான கம்பியொன்றைத் தண்டுக்கு மிக அருகே நிறுத்திச் சுழற்றி, இடைவெளி மாறுகின்றதா என நோக்கலாம். கண்ணுக்குத் தெரியுமளவு மாறுமாயின், அத்தண்டோடு எஞ்சினை மீண்டும் இயக்கலாகாது. மாற்றம் தெரியாமை மட்டும் தண்டு நேரென்பதற்குச் சான்றன்று.

கோணிய தண்டை வீட்டில் நிமிர்த்த முயலவேண்டாம். கடைசல் பட்டறையில் வீ வடிவத் தாங்கிகளின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அழுத்திப் பொருத்திய இரு பாதிகள் இடம்பெயர்ந்திருப்பின் நேராக்கல் கூடும். நுனி வளைந்திருப்பின் புதிய தண்டே நன்று. வேலை முடிந்தபின் உங்கள் முன்னிலையில் மீண்டும் அளந்து காட்டச் சொல்லுக. இரு சீல்களையும் அப்போதே புதிதாக இடுக.