மலையோட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் வேகமாக ஏறி இறங்க நினைப்பவர்கள் தூரத்தைவிட ஏற்றத்தைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நேஸ்மித் வகுத்த விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நடப்பவர்களுக்கான கணக்கு, கோவை ரேஸ்கோர்ஸில் தினமும் ஓடுபவருக்கு எதற்கு என்று கேட்கலாம். சமதரை ஓட்டத்தில் பழகிய நுரையீரல் ஏறும்போது நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கி நிறுத்துவது முன்தொடைத் தசை. அதற்குச் சமதரைச் சாலையில் இந்தப் பயிற்சி அதிகம் கிடைப்பதில்லை. மருதமலைப் படிகளில், கூட்டமில்லாத நேரத்தில், நிதானமாக இறங்கிப் பழகுங்கள். பருவத்தையும் கவனியுங்கள். அடிவாரமான பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரி ஏற வனத்துறை வழக்கமாக அனுமதிப்பது பிப்ரவரி முதல் மே வரை. வெயிலும் காய்ந்த புல்லும் சேர்ந்த காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைச் சூழ்ந்து தீ பரவியதும் இதே பருவத்தில்தான். அதனால் அனுமதியில்லாத தடத்தில் கால் வைக்கவே வேண்டாம்.