கைப்பழக்கமும் ஓர் ஆயத்தமே



தாவீது கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்டபோது, சவுல் தன் ஆயுதங்களை அவனுக்குத் தரிப்பித்தான். தாவீது அவற்றைக் களைந்துபோட்டான் (1 சாமுவேல் 17). அவை நல்ல ஆயுதங்களே. ஆனால் அவனுக்கு அவற்றில் பழக்கமில்லை. மருத்துவ ஊழியத்திலும் இந்தப் பாடம் உண்டு.

பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு மூச்சுவிடத் தொடங்க உதவி தேவைப்படுகிறது. ஈரம் துடைத்து முதுகைத் தடவினாலே பல குழந்தைகள் அழுதுவிடும். அப்படியும் அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்திற்குள் ஆம்பு பையால் காற்றுக் கொடுக்கவேண்டும். பை மேசைமேல் இருந்தால் மட்டும் போதாது. ஆனால் அதைப் பச்சிளங்குழந்தையின்மேல் பழகிப் பார்க்கலாமா? இதற்காகவே பயிற்சிப் பொம்மைகள் வந்தன.

இது புதிய முறையல்ல. பிரான்சு தேசத்து மருத்துவச்சி மேடம் து கூத்ரே துணியாலும் தோலாலும் தாய் சேய் உருவங்களைச் செய்தார். 1759-இல் அரசரின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்பித்தார். 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், செயற்கைச் சுவாசம் பழகுவதற்கு ஆள் உருவம் ஒன்றைச் செய்தார். அவர் பெயரால் விளங்கும் நிறுவனத்தார் பிற்பாடு செய்ததே 'நியோநேட்டலி' என்னும் குழந்தைப் பொம்மை.

அதற்குள் வெதுவெதுப்பான நீரை நிரப்பினால் குழந்தையின் கனம் வந்துவிடும். பயிற்சி தருபவர் சிறு குமிழ்களை அமுக்கி அதை அழச் செய்வார், மூச்சுவிடச் செய்வார். திடீரென்று நிறுத்தியும் விடுவார். உடனே செவிலியர் அதன் தலையைச் சரியாக வைத்து, மூக்கும் வாயும் மூடும்படி முகமூடியைப் பொருத்தி, நிமிடத்திற்கு 40 முதல் 60 முறை பையை அமுக்கவேண்டும். காற்று கசிந்தால் பொம்மையின் மார்பு உயராது. தவறு அங்கேயே தெரிந்துவிடும். எந்தத் தாயும் அதனால் கண்ணீர் விடுவதில்லை.

இந்திய அரசும் 2009-இல் பச்சிளங்குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, செவிலியருக்கு இப்பயிற்சியை அளித்தது. ஆனால் ஒருமுறை கற்றது சில மாதங்களில் கைவிட்டுப் போகும். அடிக்கடி சில நிமிடங்கள் பழகுவதே நிலைக்கும். நம் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி போன்ற மலையூர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வந்துசேர நேரமாகும். அந்த முதல் நிமிடமோ யாருக்காகவும் காத்திராது. அருகில் நிற்பவருடைய கைகளே அக்குழந்தைக்குக் கிடைக்கும் உதவி.

கருவி வாங்கக் கொடுக்கிறவர்களுக்காக தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். அதைப் பிடிக்கும் கைகளைப் பழக்குவதற்கும் தாருங்கள். எங்கள் செவிலியரின் கைகளுக்காக ஜெபியுங்கள்.