விமானத்தின் வால்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு

கேள்வி: ஏ.ஐ.க்கே ஏகப்பட்ட மின்சாரம் செலவாகிறது. அதை வைத்துப் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கலாம் என்கிறார்களே, நம்பலாமா? உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நடந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தாலே தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன்.

உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நீளுமே, அது புகை அல்ல, பனித்துகள். எஞ்சினிலிருந்து வரும் நீராவி, கூடவே வரும் கரித்துகள்மேல் படிந்து உறைகிறது. காற்று உலர்ந்திருந்தால் சீக்கிரமே கலைந்துவிடும். குளிர்ந்த, ஈரம் மிகுந்த அடுக்கில் விழுந்தாலோ மணிக்கணக்கில் நின்று, பரவி, மெல்லிய மேகமாகவே ஆகிவிடும். தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தை அது பிடித்துவைக்கிறது. பகலிலாவது வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரவில் அதுவும் கிடையாது. விமானப் போக்குவரத்தால் பூமி சூடாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இந்தக் கோடுகளே காரணம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

அந்த ஈர அடுக்கு அதிகத் தடிமன் இல்லாதது. விமானி சற்று ஏறியோ இறங்கியோ பறந்தால் தப்பிவிடலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வழக்கமான வானிலைக் கணிப்புகள் அந்த உயரத்து ஈரப்பதத்தில்தான் தடுமாறுகின்றன. இயந்திரக் கற்றல் இங்கேதான் கைகொடுக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் கோடுகள் எவை என்று முதலில் மனிதர்கள் பொறுமையாகக் குறித்துக் கொடுக்கிறார்கள். அதைக் கற்ற கணினி, வானிலை விவரங்களையும் விமானப் பாதைகளையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து எங்கே கோடு விழும் என்று சொல்கிறது.

கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 விமானப் பயணங்களில் இதைச் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டன. கணிப்பைப் பார்த்து உயரம் மாற்றிப் பறந்தபோது கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. அந்தப் பயணங்களில் எரிபொருள் 2 சதவீதம் கூடுதலாகச் செலவானது. ஆனால் எல்லா விமானங்களும் உயரம் மாற்ற வேண்டியதில்லை என்பதால், மொத்த விமானங்களுக்கும் கணக்கிட்டால் அது 0.3 சதவீதம்தான் என்கிறார்கள்.

மின்சாரம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் படத்தில் கோடு தேடும் மாதிரிக்குத் தேவைப்படுவது, உரையாடும் பெரிய மாதிரிகளுக்கு ஆவதில் மிகச் சிறு பங்கு. ஏ.ஐ. என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துத் திட்ட வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. எரிபொருளின் கரியமில வாயு இதனால் குறையாது. அது நூற்றாண்டுக் கணக்கில் வானிலேயே இருக்கும். கோடுகளைக் குறைத்துவிட்டோம் என்று சொல்லி எந்த விமான நிறுவனமும் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது.

நீங்கள் கணினி படிப்பவர் என்றால், வளிமண்டல அறிவியலில் ஒரு பாடமாவது சேர்த்துப் படியுங்கள். இரண்டும் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு நிறையத் தேவை.