வீட்டு ஆன்டெனாவும் வானலைத் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சி என்பது திங்கள்தோறும் பொருள் கொடுத்துப் பெறுவதொன்று என்றே இக்காலத்து நம்மனோர் பலரும் எண்ணுகின்றனர். வானில் உலவும் அலைகளைக் கூரைமேல் நிறுத்திய கருவியொன்றாற் பற்றிக் கட்டணமின்றிக் காணும் முறையும் உண்டு. சென்னையில் 1975-ஆம் ஆண்டு தொலைக்காட்சி நிலையம் தோன்றிய காலத்து நம் நாட்டு வீடுகளில் இம்முறையே வழங்கிற்று. தூர்தர்சன் அவ்வகை ஒளிபரப்பை இந்நாளிற் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஐக்கிய அமெரிக்க நாட்டிலோ அஃது இன்றும் வழக்கிலுள்ளது. நம் கல்லூரிப் பழைய மாணவருட் சிலர் அந்நாட்டிற் குடியிருத்தலின், அங்கு ஒருவர் இதனைத் தொடங்கும் வகையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதலாவது, அலைகளின் இயல்பை அறிதல் வேண்டும். அந்நாட்டு முழுத்திறன் நிலையங்கள் 2009-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாளோடு பழைய அனலாக் முறையை விடுத்து, டிஜிட்டல் முறையை முற்றும் மேற்கொண்டன. அவற்றின் அலைகள் வி.எச்.எப்., யூ.எச்.எப். என இருவகைப்படும். அலைநீளத்திற் பாதியளவுள்ள உலோகக் கம்பி அவ்வலையை நன்கு பற்றும். 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸிற் கூறிய அதிர்வெண்ணால் வகுப்பின், அலைநீளம் மீட்டரிற் கிடைக்கும். ஆகவே 500 மெகாஹெர்ட்ஸ் கொண்ட யூ.எச்.எப். அலைக்கு 30 சென்டிமீட்டர்க் கம்பி போதும். 180 மெகாஹெர்ட்ஸ் கொண்ட வி.எச்.எப். அலைக்கோ ஏறக்குறைய 83 சென்டிமீட்டர் வேண்டும். சுவரில் ஒட்டும் சிறு தகட்டு ஆன்டெனா சில நிலையங்களை நன்கு தந்து, வேறு சிலவற்றைத் தாராதொழிவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

கூரைகளிற் காணும் மீன்முள் போன்ற ஆன்டெனா ஜப்பானியராகிய உடா, யாகி என்னும் இருவர் பெயரால் வழங்குவது. 1926-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. அதன்கண் ஒரு கம்பியே அலையைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும். பின்னுள்ள கம்பி அலையைத் திருப்பியும், முன்னுள்ளவை அதனை நெறிப்படுத்தியும் துணை செய்யும். ஆதலின் அது தான் நோக்கிய திசையில் மிக்க ஆற்றலும், பிற திசைகளிற் குறைந்த ஆற்றலும் உடையது.

இனி, இடமும் திசையும். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. நிலவுருண்டையின் வளைவு அவற்றை மறைக்கும். 300 மீட்டர் உயர்ந்த கோபுரத்தின் அலை, 9 மீட்டர் உயரத்து ஆன்டெனாவை இடையில் மலை முதலிய தடையின்றேல் ஏறக்குறைய 84 கிலோமீட்டர் வரை எட்டும். எனவே உயரமே முதற்றுணை. தம் வீட்டிற்கு எந்நிலையம் எத்திசையில் உள்ளதென்பதை அந்நாட்டுச் செய்தித் தொடர்பு ஆணையத்தின் அலைப்படத்தால் அறியலாம். திரையிற் காணும் நிலைய எண்ணும், அஃது உண்மையில் ஒலிபரப்பும் அலைவரிசை எண்ணும் வேறாதல் உண்டு. பின்னதை நோக்கியே ஆன்டெனா வாங்குதல் வேண்டும்.

வாங்கியபின் முதலிற் சன்னலருகே வைத்துச் சோதித்தல் நன்று. தகரக் கூரையும் உலோக வலையும் அலையைத் தடுக்கும். 75 ஓம் கேபிளால் அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்து, நிலையங்களைத் தேடுமாறு பெட்டிக்குக் கட்டளையிடுக. ஆன்டெனாவை இடம் மாற்றியபோதெல்லாம் மீண்டும் தேடுதல் இன்றியமையாதது. அனலாக் காலத்தில் அலை மெலியுந்தோறும் திரையிற் புள்ளிகள் மிகும். டிஜிட்டலிலோ, ஓரளவு வரை படம் தெளிவாக நின்று, அவ்வளவு குறைந்தவுடன் சிதறி மறையும். அலையைப் பெருக்கும் கருவி நெடிய கேபிளில் நேரும் இழப்பை ஈடுசெய்யுமேயன்றி, வாராத அலையை வருவியாது. நிலையம் மிக அண்மையிலிருப்பின் அது கேடும் விளைக்கும்.

மறத்தற்கரியது ஒன்றுண்டு. மின்கம்பிகளின் அருகே உலோகக் கழியை உயர்த்துதல் உயிருக்கே இறுதியாம். கழி சாயினும் கம்பியைத் தொடாத தொலைவை முன்னரே அளந்து கொள்க. தனியே ஏறற்க. கழியையும் கேபிளையும் நிலத்தோடு இணைத்தல் மின்னற் காலத்துத் தீங்கைக் குறைக்கும். அதனைத் தொழிலறிந்தார் கையில் விடுதலே தக்கது.

வாடகை வீட்டார் அஞ்சவேண்டுவதில்லை. அவ்வாணையம் வகுத்த விதி, தமக்கே உரிய மாடத்திலோ முற்றத்திலோ ஆன்டெனா வைப்பாரை வீட்டுக்காரர் காரணமின்றித் தடுத்தலாகாதென்கின்றது. பொதுக் கூரைக்கு அவ்வுரிமை இல்லை.

இவ்வளவும் எதன்பொருட்டு? முதியோரும் வறியோரும் மாதக் கட்டணமின்றி நாட்டுச் செய்தியை அறிதற்பொருட்டு. புயல் இணையக் கம்பியை அறுத்த நாளிலும், நிலையத்திற்கும் பெட்டிக்கும் மின்சாரம் உள்ளவரை, எச்சரிக்கை வீடு வந்து சேரும். மழைபோல எல்லார்க்கும் பொதுவாகப் பொழியும் இவ்வலையை ஏற்பதற்கு ஒரு கம்பியும் சிறிது பொறுமையுமே வேண்டற்பாலன. அறிந்தோர் அறியாத அண்டை வீட்டார்க்கு இதனை ஒரு மாலைப்பொழுதில் அமைத்துக் கொடுப்பின், அதுவும் நல்லதோர் தொண்டேயாம்.